வாழக் கற்றுத்தரும் நாட்குறிப்பு: வாங்கலாமா?

எப்படி வாழ வேண்டும் என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்லித்தரும் நாட்குறிப்பு ஒன்று இப்போது இணையக் கடைகளில் எங்கே தேடினாலும் கண்ணில் படுகிறது. தேதி அச்சிடாத பக்கங்கள், காலையில் நிரப்ப ஒரு பகுதி, இரவில் பதில் எழுத மூன்று கேள்விகள், வாரத்துக்கு ஒரு தத்துவ வாசகம், நடுநடுவே ‘முடிவுப் பக்கம்’ என்று ஒன்று, கடைசியில் பழக்கங்களைக் குறித்துவைக்கக் கட்டங்கள். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். இதே சரக்கை நாலைந்து பேர் வேறு வேறு அட்டை போட்டு விற்கிறார்கள், உள்ளே அதிகம் மாற்றமில்லை, அதனால் ஒன்றைப் பற்றிச் சொன்னால் மற்றதற்கும் பெரும்பாலும் பொருந்தும். கடைசிப் பக்கம் வரை நிரப்பிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பார்சல் பிரித்த அன்றே ஐந்து நட்சத்திரம் போட்டவர்களின் விமர்சனங்கள்தான் அங்கே குவிந்து கிடக்கின்றன, ‘அட்டை சூப்பர்’ என்பதைத் தாண்டி அவற்றில் ஒன்றும் தேறவில்லை.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் அச்சடித்துக் கொடுத்திருக்கும் அறிவுரையில் முக்கால்வாசி வீண். கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு இடத்தைக் காலியாக விட்ட பக்கங்கள்தான் கொடுத்த காசுக்கு ஈடு.

வாசகங்களிலிருந்து ஆரம்பிக்கலாம். மொத்தம் 52. நல்ல தாள், அழகான எழுத்து, கீழே ஒரு பெரிய பெயர். சிக்கலே அந்தப் பெயரில்தான். நாம் திரும்பத் திரும்பச் செய்வதுதான் நாம் என்ற வரிக்குக் கீழே அரிஸ்டாட்டில் என்று போட்டிருக்கிறார்கள். அது அரிஸ்டாட்டில் எழுதிய வரி இல்லை, அவருடைய கருத்தை விளக்கும்போது அமெரிக்க எழுத்தாளர் வில் டியூரன்ட் 1926-இல் தன் சொந்த வார்த்தையில் எழுதியது. ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்துவிட்டு வேறு பலனை எதிர்பார்ப்பது பைத்தியக்காரத்தனம் என்பதை ஐன்ஸ்டைன் தலையில் கட்டியிருக்கிறார்கள், அவர் அப்படிச் சொன்னதற்கோ எழுதியதற்கோ ஆதாரமே கிடையாது. வாட்ஸ்அப்பில் அப்துல் கலாம் பெயரில் காலை வணக்கத்தோடு வருவதையெல்லாம் அவரே சொல்லியிருந்தால் மனிதருக்கு ராக்கெட் பக்கம் போக நேரமே இருந்திருக்காது. அதே கதைதான் இங்கேயும், தாள் மட்டும் உயர்ந்த ரகம்.

யார் சொன்னால் என்ன, கருத்து நல்லதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நிதானமாக யோசி, விசாரித்துப் பார், கேட்டதையெல்லாம் நம்பாதே என்று பாடம் எடுக்கிற ஒரு பொருள், அச்சுக்குப் போகும் முன் அந்த வரி யாருடையது என்று பார்க்கக்கூட மெனக்கெடவில்லை என்றால் எரிச்சல் வரத்தானே செய்யும்?

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. வாசகத்தை அது பிறந்த இடத்திலிருந்து பிடுங்கி நட்டால் அர்த்தமே தலைகீழாகிவிடுகிறது. பழைய கிரேக்கத் தத்துவஞானி எபிக்டெட்டஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அடிமையாக வாழ்ந்தவர், தானாக எதையும் எழுதி வைக்கவில்லை, அவர் பேசியதை மாணவர் அர்ரியன்தான் குறித்துவைத்தார். நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று அவர் பிரித்துக் காட்டியது பிரசித்தம். அந்தப் பிரிவில் சொத்து, பதவி, ஊரார் நம்மைப் பற்றி நினைப்பது, ஏன் நம் உடம்பே கூட, ‘நம் கையில் இல்லாதவை’ பக்கம்தான் போகிறது. நம் கருத்து, விருப்பு, வெறுப்பு, ஒன்றைச் செய்யக் கிளம்பும் உந்துதல், இவ்வளவுதான் நமக்கென்று மிச்சம். இந்த நாட்குறிப்பு அதை ஒரு மலை உச்சிப் படத்தின் மேல் போட்டு, உன் வாழ்க்கை முழுக்க உன் கையில் என்று எழுதிவைத்திருக்கிறது! அவர் சொன்னதற்கு நேர் எதிர். நோய் வந்தவரோ வேலை பறிபோனவரோ இந்தப் பக்கத்தைத் திறந்தால் என்ன ஆவது? எல்லாமே உன் கையில்தான் இருந்தது, நீதான் கோட்டைவிட்டாய் என்று அந்த மலை உச்சி அவரைப் பார்த்துச் சொல்லும்.

மார்க்கஸ் அரேலியஸும் உண்டு, அவர் இல்லாமல் இந்த வகைப் புத்தகம் ஏது. 161 முதல் 180 வரை ரோமை ஆண்ட பேரரசர், அந்த ஆட்சியில் பெரும்பகுதி எல்லைப் போரும் கொள்ளைநோயும்தான். அவர் கிரேக்கத்தில் எழுதிவைத்த குறிப்புகள் தனக்குத்தானே எழுதிக்கொண்டவை, பிறர் படிக்க எழுதியவை அல்ல. படித்தால் ஒருவர் தன்னையே அதட்டிக்கொள்வது கேட்கும். அதாவது, காலிப் பக்கத்தைத் தானே நிரப்பிக்கொண்ட ஓர் ஆள் அவர். அவர் நிரப்பியதைப் பிரதி எடுத்து நமக்கு விற்பதைவிட நமக்கும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம்.

காலைப் பகுதி சுமார். ‘இன்றைய உறுதி’ என்று ஒரே ஒரு கோடு. அதில் எல்லோரும் என்ன எழுதுவோம்? ‘பொறுமையாக இருப்பேன்’. மதியத்துக்குள் அது காற்றில் போய்விடும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னது சின்ன விஷயம்தான்: இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று இடம், நேரம், செயல் மூன்றையும் சேர்த்து எழுதியவர்கள், வெறும் ஆசையை மட்டும் எழுதியவர்களைவிட அதிகமாக அதைச் செய்து முடிக்கிறார்கள். ‘கூட்டத்தில் அவர் குறுக்கே பேசினால், அவர் முடிக்கும் வரை குறிப்பெடுப்பேன், அப்புறம்தான் வாய் திறப்பேன்’ என்று எழுதிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். அதற்கு இரண்டு கோடு வேண்டும், இவர்கள் ஒன்றுதான் தந்திருக்கிறார்கள். நான் ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதினேன்.

இரவுக் கேள்விகள் நன்றாக இருக்கின்றன, ஏனென்றால் அவை பழையவை. இன்று எந்தக் கெட்ட பழக்கத்தைச் சரிசெய்தாய், எந்தக் குறையை எதிர்த்து நின்றாய், எந்த விதத்தில் நேற்றைவிட மேல். ரோமானியத் தத்துவஞானி செனகா கோபத்தைப் பற்றி எழுதும்போது இந்த மூன்றையும் செக்ஸ்டியஸ் என்பவரின் வழக்கமாகச் சொல்கிறார். தானும் அதைக் கடைப்பிடித்ததாகவும் எழுதுகிறார்: விளக்கை எடுத்துப் போன பிறகு, இந்தப் பழக்கம் தெரிந்த மனைவியும் பேச்சை நிறுத்திய பிறகு, அன்றைய நாள் முழுவதையும் ஒன்றும் ஒளிக்காமல் தனக்குள் விசாரித்துப் பார்ப்பாராம். அந்த விசாரணையில் எனக்குப் பிடித்தது அது முடிகிற விதம். இனி இப்படிச் செய்யாதே, இந்த முறை மன்னித்துவிட்டேன் என்று தனக்கே சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறார்.

நாட்குறிப்புக்காரர்கள் அந்த மன்னிப்பைக் கழற்றிவிட்டு அதற்குப் பதில் ‘இன்றைக்கு எனக்கு நான் தரும் மதிப்பெண்: 10-க்கு ___’ என்று ஒரு பெட்டி வைத்துவிட்டார்கள். ஏன்தான் எல்லாவற்றையும் பரீட்சையாக்குகிறார்களோ தெரியவில்லை. மதிப்பெண் வந்ததுமே கவனம் நடந்ததை விட்டு எண்ணுக்குப் போய்விடுகிறது, ஆறா ஏழா என்று யோசித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது, அந்த யோசனையால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்தப் பெட்டியைக் காலியாக விட்டுவிடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

சரி, இனி முடிவுப் பக்கம். இதற்காகத்தான் நான் மெனக்கெட்டு விமர்சனம் எழுதுவதே. மொத்தம் 12 பக்கங்கள். மேல்பாதியில் அச்சடித்த ஆறு வரி: என்ன முடிவு, வேறென்ன வழிகள் இருந்தன, என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன், எத்தனை சதவீதம் உறுதி, இந்த நேரத்தில் உடம்பும் மனமும் எப்படி இருக்கின்றன, எந்தத் தேதியில் திரும்பிப் பார்ப்பேன். கீழ்பாதி வெறுமை, ‘நடந்தது’ என்ற ஒரே ஒரு சொல்லோடு. நீதி இல்லை, மலைப் படம் இல்லை.

என்னுடைய ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன். முடிவு: அலுவலகத்தில் வேறு குழுவுக்கு மாறுவது. எதிர்பார்ப்பு: புது மேலாளர் விஷயம் தெரிந்தவர், அவரிடம் நிறையக் கற்கலாம், வேலைப்பளு கூடும். உறுதி: 80%. உடம்பும் மனமும்: தூக்கம் போதவில்லை, பழைய குழுவின் மேல் கடுப்பு. இவ்வளவுதான். திரும்பிப் பார்க்கும் தேதி வந்தபோது கீழ்பாதியில் எழுதியது: மேலாளர் சில வாரங்களிலேயே வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார், வேலைப்பளு குறைந்துவிட்டது, ஆனாலும் மாறியது நல்லதாகிவிட்டது, காரணம் பக்கத்து இருக்கையில் இருப்பவர், அவர் வேலையைப் பிரித்துச் செய்கிற அழகைப் பார்த்தே பாதி கற்றுக்கொண்டேன். கவனித்தீர்களா, முடிவு பலித்தது, அதற்கு நான் எழுதிய காரணம் ஒன்றுகூட பலிக்கவில்லை. இந்தப் பக்கம் இல்லாதிருந்தால் யார் கேட்டாலும் ‘எல்லாம் யோசித்துத்தான் மாறினேன்’ என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டிருப்பேன், அதைப் பொய் என்று நானே உணர்ந்திருக்கவும் மாட்டேன்.

இது எல்லோருக்கும் நடப்பதுதான், இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்ஸன் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் போவதற்கு முன், உளவியல் ஆய்வாளர்கள் பாரூக் ஃபிஷ்ஹாஃபும் ரூத் பெய்த்தும் மாணவர்களிடம் இந்தப் பயணத்தில் இன்னின்னது நடக்க எத்தனை வாய்ப்பு என்று எழுதி வாங்கினார்கள். பயணம் முடிந்த பிறகு, அன்று என்ன எண் போட்டீர்கள் என்று நினைவிலிருந்து சொல்லச் சொன்னார்கள். நடந்துவிட்ட சங்கதிகளுக்கு, தாங்கள் உண்மையில் போட்டதைவிட அதிக எண் போட்டதாகவே பலருக்கும் நினைவிருந்தது. 1975-இல் வெளிவந்த ஆய்வு இது. நினைவு சும்மா மங்குவதோடு விடுவதில்லை, நமக்குச் சாதகமாகத் திருத்தியும் வைத்துவிடுகிறது. ‘அனுபவம்தான் ஆசான்’ என்று இந்த நாட்குறிப்பின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். அந்த ஆசானின் பாடக்குறிப்பை ராத்திரியோடு ராத்திரியாக யாரோ மாற்றி எழுதுகிறார்கள் என்றால், முதலில் செய்ய வேண்டியது அசல் குறிப்பைப் பத்திரப்படுத்துவது. முடிவுப் பக்கம் செய்வது அதைத்தான்.

உடம்பும் மனமும் என்ற அந்த வரியை அலட்சியம் செய்யாதீர்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, நாலைந்து பக்கம் சேர்ந்த பிறகு வரிசையாகப் படித்தால் எந்த நேரத்தில், எந்த மனநிலையில் நீங்கள் பெரிய முடிவுகளை எடுக்கிறீர்கள் என்பது தெரியவரும். என்னுடையவை பெரும்பாலும் இரவு நேரத்தவை. இதை எந்த வாசகமும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது.

இந்தப் பக்கத்திலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. திரும்பிப் பார்க்கும் தேதிக்குப் பக்கத்தில் ‘30 நாள் பரிந்துரைக்கப்படுகிறது’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வேலை மாறுவது, வீடு மாறுவது, படிப்பைத் தொடர்வது, ஒருவரோடு சேர்ந்து தொழில் தொடங்குவது இதெல்லாம் 30 நாளில் தெரிகிற சமாசாரமா? மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் முக்கிய முடிவுகளுக்கெல்லாம் எதிர்பார்ப்பை எழுதிவைத்து, 9 முதல் 12 மாதம் கழித்து எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வார், அவரே அதைப் பல ஆண்டுகள் செய்தும் வந்தார். அது நடைமுறைக்கு ஒத்துவரும் இடைவெளி. ஆனால் நடுவில் எழுதிய முடிவென்றால் அதற்குள் இந்த நாட்குறிப்பு தீர்ந்து பரணுக்குப் போயிருக்கும். நான் பக்கத்தைப் படம் எடுத்து, கைபேசி நாள்காட்டியில் அந்தத் தேதியில் சேர்த்துவிடுகிறேன். தயாரித்தவர்கள் ஒரு கிழித்தெடுக்கும் தாளாவது வைத்திருக்கலாம்.

12 பக்கம்தானா என்று முதலில் தோன்றியது. இல்லை, போதும். எழுதிவைக்கிற அளவுக்குக் கனமான முடிவுகள் நாம் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் வருகின்றன.

முடிவுப் பக்கத்துக்கு அடுத்து எனக்குப் பிடித்தது, நண்பருக்குக் கடிதம் என்ற பகுதி. உன் பிரச்சினை உன் நண்பருக்கு வந்திருந்தால் அவருக்கு என்ன எழுதுவாய், எழுது. கேட்பதற்கு விளையாட்டு மாதிரி இருக்கும். உளவியலாளர்கள் இகோர் கிராஸ்மனும் ஈதன் கிராஸும் 2014-இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். துணை துரோகம் செய்துவிட்டதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது, அது தனக்கு நடந்ததாக நினைத்தவர்களைவிட நண்பருக்கு நடந்ததாக நினைத்தவர்கள் நிதானமாக, பல கோணத்தில் யோசித்தார்கள். தன் பிரச்சினையையே மூன்றாம் மனிதராகத் தள்ளி நின்று பார்க்கச் சொன்னபோது அந்த வித்தியாசம் மறைந்துபோனது. ஊருக்குத்தான் உபதேசம் என்று நாம் கிண்டலாகச் சொல்கிறோம் அல்லவா, அந்த உபதேசத்தை வாங்கிக்கொள்ளும் ஊராக நாமே மாறிவிட வேண்டியதுதான். முதியவர்களுக்கு இந்தப் பயிற்சி தேவைப்படாது என்று நினைக்காதீர்கள், அந்த ஆய்வில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் 20, 30 வயதுக்காரர்களுக்கும் இந்த விஷயத்தில் வேறுபாடு தெரியவில்லை. நரைத்த தலை தன் விவகாரம் என்று வரும்போது நம்மைப் போலத்தான் தடுமாறும் என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

பழக்கக் கட்டங்கள்? 21 கட்டம், மேலே ‘21 நாளில் பழக்கமாகிவிடும், தொடரை உடைக்காதே’. இந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியது, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது ஏறக்குறைய 21 நாள் ஆகிறது என்று. ‘குறைந்தது’ என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது, முகமும் விழுந்துவிட்டது, நாள் கணக்கு மட்டும் நிற்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து எழுதிய ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் என்று வந்தது, ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 முதல் 254 வரை (12 வாரத்தைத் தாண்டிய எண்கள் கணக்குப் போட்டு மதிப்பிட்டவை). ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதில் உண்டு. எனவே 22-ஆம் நாள் காலையில் எழுந்து ஓடக் கால் வரவில்லை என்றால் உங்களிடம் கோளாறு இல்லை, கட்டத்தில்தான் கோளாறு.

நன்றிப் பட்டியல் தினமும் மூன்று வரி. தினமும் எழுதினால் சீக்கிரம் சலித்துவிடும், ‘குடும்பம், உடல்நலம், காற்று’ என்று கை தானாக ஓடும். வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கு மனநிறைவு கூடியது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை என்று உளவியலாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கி குழு கண்டிருக்கிறது. நான் வார இறுதியில் மட்டும் எழுதி மற்ற நாள் கோடுகளைக் காலை உறுதிக்கு எடுத்துக்கொண்டேன். இட நெருக்கடியும் தீர்ந்தது.

தாள் நன்றாக இருக்கிறது, மை ஊறவில்லை, அழித்தால் கிழியவில்லை. இதைச் சும்மா சொல்லவில்லை. பெஞ்சமின் பிராங்ளின் 13 நற்குணங்களை எடுத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு குணம் என்று கோடு போட்ட சின்னப் புத்தகத்தில் தவறிய இடத்திலெல்லாம் கருப்புப் புள்ளி வைத்துவந்தவர். 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாளில் ஓட்டை விழுந்து, கடைசியில் துடைத்தால் அழியும் யானைத் தந்த ஏடுகளுக்கு மாறினாராம். அவரை அதிகம் படுத்திய குணம் ஒழுங்கு, பொருளை அதனதன் இடத்தில் வைப்பது. பட்டியலில் பணிவு முதலில் இல்லவே இல்லை, நீ தலைக்கனம் பிடித்தவன் என்று ஒரு நண்பர் முகத்துக்கு நேரே சொன்ன பிறகுதான் சேர்த்துக்கொண்டார். அந்த மாதிரி ஒரு நண்பரை எந்த நாட்குறிப்போடும் இலவச இணைப்பாகத் தர முடியாது, இந்தப் பொருளின் நிஜமான எல்லை அதுதான். நீங்களே கேள்வி, நீங்களே பதில் என்று போகும்போது நமக்குத் தெரியாத நம் குறை எந்தப் பக்கத்திலும் ஏறாது.

அப்புறம், விட்டுப்போன ஒன்று. உளவியலாளர் கேரி கிளைன் 2007-இல் எழுதிய ஒரு உத்தி: தொடங்கப்போகும் காரியம் தோற்றே போய்விட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று இப்போதே எழுதுவது. முடிவுப் பக்கத்தில் ஏழாவது வரியாக இது இருந்திருக்க வேண்டும். நான் ‘வேறென்ன வழிகள்’ வரிக்குக் கீழே கையால் எழுதிச் சேர்த்துக்கொண்டேன்.

யார் வாங்கலாம்? எழுதும் பழக்கமே இல்லாதவர்கள், வெள்ளைத் தாளைப் பார்த்தால் என்ன எழுதுவது என்று திகைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம், இந்தக் கேள்விகள் கையைப் பிடித்து ஆரம்பித்துவைக்கும். ஏற்கெனவே நாட்குறிப்பு எழுதுகிறவர்களுக்குத் தேவையில்லை, கோடு போட்ட சாதாரண நோட்டில் முடிவுப் பக்கத்தின் ஆறு வரிகளையும் செனகாவின் மூன்று கேள்விகளையும் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டிக்கொண்டால் வேலை முடிந்தது. பெரிய துக்கத்தில் இருப்பவருக்குப் பரிசாக மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அந்த மதிப்பெண் பெட்டியும் மலை உச்சியும் அவரை இன்னும் நோகடிக்கும். வாங்குவது என்று முடிவாகிவிட்டால் கருப்பு அட்டை வேண்டாம், கைரேகை அப்படியே பதிகிறது, எதைப் போட்டுத் துடைத்தாலும் போகவில்லை. பச்சையில் அந்தத் தொல்லை இல்லை என்று வாங்கியவர்கள் எழுதியிருக்கிறார்கள்.